சிக்கியதை எடுக்கப் போன கை: இயந்திர விபத்துகள் எந்த நேரத்தில் நடக்கின்றன?

தொழிற்சாலை இயந்திர விபத்துகளைப் பற்றிய விசாரணை அறிக்கைகளை வரிசையாகப் படித்துப் பார்த்தால், தொழிலும் இயந்திரமும் மனிதரும் மாறிக்கொண்டே இருந்தாலும், விபத்து நடந்த கணத்தைச் சொல்லும் வாக்கியம் மட்டும் பெரிதாக மாறுவதில்லை என்பது தெரியும். ரோலரில் ஒட்டிய பிசிறைத் துடைக்கப் போனபோது. டையில், அதாவது தகட்டுக்கு வடிவம் தரும் அச்சில், மாட்டிக்கொண்ட தகட்டை எடுக்கப் போனபோது. கன்வேயர் பெல்ட் ஒருபக்கமாக ஒதுங்கியதைச் சரிசெய்யப் போனபோது. கலவை இயந்திரத்தின் அடியில் தேங்கியதைச் சுரண்டப் போனபோது. இயந்திரம் ஒழுங்காக ஓடியிருந்தால் அந்தக் கைக்கு அங்கே வேலையே இருந்திருக்காது. பொருளைக் கையால் ஊட்டும் பழைய பிரஸ்களை விட்டுவிட்டுப் பார்த்தால், கடுமையான காயங்களில் பெரும்பங்கு உற்பத்தி சீராக நடக்கும் நேரத்தில் ஏற்படுவதில்லை. உற்பத்தி தடுமாறி, அதை மீண்டும் ஓட்டத்துக்குக் கொண்டுவர ஒருவர் முயலும் அந்தச் சில நிமிடங்களில்தான் அவை ஏற்படுகின்றன.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இயந்திரத்தின் பாதுகாப்பைத் திட்டமிடுபவர்கள் வழக்கமாக இரண்டு நிலைகளை மனத்தில் வைத்தே திட்டமிடுகிறார்கள். ஒன்று, மூடிகள் எல்லாம் மூடியிருக்க இயந்திரம் ஓடும் நிலை. மற்றொன்று, மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பராமரிப்புக் குழு நிதானமாகத் திறந்து வேலை பார்க்கும் நிலை. ஆனால் ஆபரேட்டரின் ஒரு ஷிப்டில் கணிசமான பகுதி இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நிலையில் கழிகிறது. அப்போது இயந்திரம் முழுதாக ஓடவும் இல்லை, முழுதாக நிற்கவும் இல்லை. பாதி திறந்த மூடி, மெதுவாகச் சுற்றும் ரோலர், "ஒரு நொடிதானே" என்ற நினைப்பு ஆகிய மூன்றும் சேரும் இடைவெளி அது. விரல்களும் கைகளும் பறிபோகும் இடமும் அதுவே.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் வேலை சார்ந்த காரணங்களால் 29.3 லட்சம் பேர் இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ 3.3 லட்சம் பேர் விபத்துகளிலும், மற்றவர்கள் வேலையால் வரும் நோய்களாலும் உயிரிழந்தவர்கள். இறப்பில் முடியாத காயங்களின் எண்ணிக்கை 39.5 கோடி. இந்த எண்கள் எல்லா வகை வேலைகளையும் சேர்த்தவை. இயந்திரங்களின் பங்கு இவற்றில் ஒரு பகுதி. ஆனால் ஒரு கையின் நான்கு விரல்களை இழந்தவரும், காலில் சிறு சிராய்ப்புடன் சில நாள் விடுப்பில் இருந்தவரும், "இறப்பில் முடியாத காயம்" என்ற ஒரே தலைப்பின் கீழ் எண்ணப்படுகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே இத்தகைய எண்களைப் படிக்க வேண்டும்.

அமைதியாகச் சுற்றும் ரோலர்

ஆபத்தைப் பற்றிய நம் உள்ளுணர்வு வேகத்தையும் சத்தத்தையும் கொண்டே எடைபோடுகிறது. இயந்திரங்களைப் பொறுத்தவரை இந்த எடை பல நேரங்களில் தவறாகிவிடுகிறது. எதிரெதிராகச் சுழன்று உட்புறமாகச் சந்திக்கும் இரண்டு ரோலர்களை எடுத்துக்கொள்வோம். அச்சு, காகிதம், ரப்பர், துணி, பிளாஸ்டிக் என்று ஏராளமான தொழில்களில் இவை உண்டு. அவற்றின் மேற்பரப்பு நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று கொண்டால், பார்ப்பவர் கண்ணுக்கு அது நிதானமான ஓட்டமாகவே படும். ஒரு மனிதர் மெதுவாக நடக்கும் வேகம்தான் அது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு நொடிக்கு 1 மீட்டர் உள்ளே இழுக்கப்படும். எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒருவர் ஒரு சைகையைக் கண்டு கையை அசைக்கத் தொடங்குவதற்கே ஏறத்தாழ கால் நொடி ஆகிறது. எதிர்பாராமல் நேர்வதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். அரை நொடி என்று வைத்துக்கொண்டால், விரல் நுனியில் தொடங்கிய பிடி அதற்குள் 50 சென்டிமீட்டர் உள்ளே போயிருக்கும். அதாவது முழங்கையைத் தாண்டியிருக்கும். "பிடித்ததும் கையை இழுத்துக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள் தங்கள் திறமையை அதிகமாக மதிப்பிடுகிறார்கள் என்பதைவிட, அந்த வேகத்தின் பொருள் அவர்களுக்கு யாராலும் எடுத்துச் சொல்லப்படவில்லை என்பதே சரியாக இருக்கும்.

சுழலும் தண்டின் கதையும் இதுதான். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள, மேடு பள்ளம் இல்லாத, வழவழப்பான ஒரு தண்டு நிமிடத்துக்கு 300 முறை சுற்றுகிறது என்றால், ஒரு நொடியில் அதன் மேல் ஏறக்குறைய 78 சென்டிமீட்டர் துணி சுற்றிக்கொள்ளும். சட்டையின் தொங்கும் கைப்பகுதி, கழுத்தில் கிடக்கும் துண்டு, அவிழ்ந்த கூந்தல் ஆகிய எதுவும் ஒருமுறை தண்டோடு ஒட்டி மேலேறிவிட்டால், அடுத்த சுற்று முந்தைய சுற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு எவ்வளவு வலுவோடு இழுத்தாலும் அந்த வலு பிடியை மேலும் இறுக்கவே உதவும். தண்டின் மேல் ஒரு ஸ்க்ரூ தலையோ, சாவியோ நீட்டிக்கொண்டிருந்தால் தொடக்கம் இன்னும் எளிதாகிறது. துளையிடும் இயந்திரத்திலும் லேத்திலும் கையுறை அணிய வேண்டாம் என்று சொல்வதன் காரணமும் இதுவே. வெறும் விரலை உரசிக் காயப்படுத்தி விட்டுவிடக்கூடிய ட்ரில் பிட், கையுறையைப் பற்றிக்கொண்டால் விரலையும் சேர்த்து முறுக்கிவிடும். இப்படிப்பட்ட காயங்களில் தோல் முழுவதும் கையுறையைப் போலவே உரிந்து வருவது உண்டு. கையறுவை மருத்துவர்கள் சரிசெய்யக் கடினமானவற்றில் ஒன்றாக இதைக் கருதுகிறார்கள்.

வெட்டுதல், நசுக்குதல், உள்ளிழுத்தல், சுற்றிக்கொள்ளுதல், மோதுதல் என்று ஆபத்தின் வகைகளைப் பிரித்துப் பாடநூல்கள் பட்டியலிடுகின்றன. நடைமுறையில் இவை பெரும்பாலும் ஒன்றின் பின் ஒன்றாகவே வருகின்றன. இழுக்கப்பட்ட கை நசுங்குகிறது. நசுங்கிய கையை விடுவிக்கப் போராடும் உடல் வேறொரு பாகத்தில் மோதுகிறது.

பிரஸ்: ஒரு தனிக் கதை

உலோகத் தகட்டை வெட்டியும் வளைத்தும் வடிவம் கொடுக்கும் பவர் பிரஸ், விரல் இழப்போடு மிக நெருங்கிய உறவுள்ள இயந்திரம். அதைப் புரிந்துகொள்ள அதன் ஃப்ளைவீலைப் புரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் எப்போதும் இந்தக் கனத்த சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சக்கரம் ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. ஆபரேட்டர் பெடலை மிதித்ததும் கிளட்ச் அந்தச் சக்கரத்தை அச்சோடு இணைக்க, சேர்ந்திருந்த ஆற்றல் ஒரே அடியாகக் கீழே இறங்குகிறது. பழைய வகைப் பிரஸ்களில் இந்த இணைப்பை ஒரு சாவியோ பின்னோ செய்கிறது. இந்தக் கீ கிளட்ச் ஒருமுறை பிடித்துவிட்டால், அச்சு ஒரு முழுச் சுற்றை முடிக்கும்வரை விடுவிக்காது. பாதி வழியில் கை உள்ளே இருப்பதைக் கண்டாலும், மோட்டாரையே அணைத்தாலும், இறங்கத் தொடங்கிய ராம், அதாவது டையின் மேல் இறங்கி அடிக்கும் பாகம், இறங்கியே தீரும். போதாக்குறைக்கு, சாவி தேய்ந்திருந்தாலோ அதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, ஒரு மிதிக்கு இரண்டு அடி இறங்கும். தொழிலில் இதை டபுள் ஸ்ட்ரோக் என்கிறார்கள். முதல் அடி முடிந்ததும் வடிவம் பெற்ற துண்டை எடுக்கக் கை உள்ளே போகும் நேரமும், இரண்டாவது அடி வரும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

காற்றழுத்தத்தால் இயங்கும் உராய்வுக் கிளட்ச் உள்ள பிரஸ்களை எந்த இடத்திலும் நிறுத்த முடியும். அதனால்தான் அவற்றில் லைட் கர்ட்டன் எனப்படும் ஒளித் திரையைப் பொருத்த முடிகிறது. திரையைக் கை கடந்தால் ராம் நிற்க வேண்டும். முழுச் சுற்று முடியாமல் நிற்காத கீ கிளட்ச் பிரஸில் ஒளித் திரையை மாட்டுவதால் பயன் எதுவும் இல்லை. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகள் அந்தச் சேர்க்கையை வெளிப்படையாகவே தடை செய்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிவப்பு விளக்கும் கண்ணாடிக் கம்பங்களும் பாதுகாப்பு இருப்பதான தோற்றத்தைத் தந்துவிடும். ஆபரேட்டரும் அந்தத் தோற்றத்தை நம்பியே கையை நீட்டுவார்.

நிறுத்தக்கூடிய பிரஸிலும் திரையை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 13855, அருகிலிருந்து நீளும் கையின் வேகத்தை நொடிக்கு 2,000 மில்லிமீட்டர் என்று கொள்கிறது. திரை தடைப்பட்ட நொடியிலிருந்து ராம் முழுமையாக நிற்க 0.2 நொடி ஆகும் என்றால், அந்த நேரத்தில் கை 400 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். எனவே திரை டையிலிருந்து குறைந்தது அவ்வளவு தொலைவிலாவது இருக்க வேண்டும். இயந்திரத்தை நிறுவிய நாளில் இது சரியாகவே அளக்கப்பட்டிருக்கலாம். சில ஆண்டுகளில் பிரேக் லைனிங் தேய்ந்து, நிற்கும் நேரம் 0.3 நொடியாகிவிடுகிறது. திரை அதே இடத்தில் இருக்கிறது, விளக்கு எரிகிறது, சோதித்துப் பார்த்தால் பிரஸ் நிற்கவும் செய்கிறது. ஆனால் கை டையை அடைந்த பிறகுதான் நிற்கிறது. நிற்கும் நேரத்தைக் கருவி கொண்டு குறிப்பிட்ட இடைவெளிகளில் அளக்காத தொழிற்சாலையில் இந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை.

இரு கைப் பொத்தான்களும் எளிமையான, நல்ல ஏற்பாடுதான்: இரண்டு கைகளும் பொத்தான்களில் இருந்தால் டைக்குள் இருக்க முடியாது. ஆனால் வேகம் கூட்டும் நெருக்கடியில் ஒரு பொத்தானை டேப் ஒட்டியோ குச்சி வைத்தோ அழுத்தி வைப்பது பழைய வழக்கம். அதனால்தான் இப்போதைய உயர்தர அமைப்புகளில் இரண்டையும் அரை நொடிக்குள் சேர்த்து அழுத்தவும், ஒவ்வொரு அடிக்கும் முன் இரண்டையும் விட்டு மீண்டும் அழுத்தவும் வேண்டியிருக்கிறது. அப்படியும் அது பொத்தானை அழுத்துபவரின் கைகளை மட்டுமே காக்கிறது. பக்கத்தில் நின்று துண்டுகளை எடுத்துக் கொடுக்கும் ஹெல்பரின் கையைப் பற்றி அந்தப் பொத்தான்களுக்கு எதுவும் தெரியாது.

வேலி போடச் சொன்ன சட்டம்

இயந்திரத்துக்கு வேலி போட வேண்டும் என்ற கருத்து மிகப் பழையது. பிரிட்டனில் 1833ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சாலை ஆய்வாளர்கள் என்ற பதவியை உருவாக்கியது. 1844ஆம் ஆண்டுச் சட்டம் ஃப்ளைவீல்களையும், ஆலை முழுவதும் ஆற்றலைக் கொண்டுசெல்லும் தண்டுகளையும் பாதுகாப்பாக மூடியிருக்க வேண்டும் என்று விதித்தது. ஓடிக்கொண்டிருக்கும் தண்டுகளைச் சிறுவர்களும் இளம் தொழிலாளர்களும் துடைக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது. கை உள்ளே போவது சுத்தம் செய்யும் நேரத்தில்தான் என்பதை அன்றே அறிந்திருந்தார்கள் என்பதற்கு இந்தப் பிரிவே சான்று.

அதன்பின் நடந்தது கவனிக்கத்தக்கது. தரையிலிருந்து 7 அடிக்கும் அதிகமான உயரத்தில், தலைக்கு மேல் ஓடும் தண்டுகளால் யாருக்கும் ஆபத்தில்லை, அவற்றை மூடத் தேவையில்லை என்று ஆலை உரிமையாளர்கள் வாதிட்டார்கள். அந்தத் தண்டுகளில் பெல்ட்டை ஏற்றுபவர்களும், எண்ணெய் இடுபவர்களும், சுவருக்கு வெள்ளையடிப்பவர்களும் ஏணி வைத்து அவற்றின் அருகே போனார்கள் என்பதை லெனார்ட் ஹோர்னர் போன்ற ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். 1855இல் உரிமையாளர்கள் இதற்கென்றே ஒரு சங்கம் அமைத்துப் போராடினார்கள்; 1856இல் சட்டம் அவர்களுக்குச் சாதகமாகத் தளர்த்தப்பட்டது. உற்பத்தி நேரத்தில் யாரும் போகாத இடம் பாதுகாப்பான இடம் என்ற அந்த வாதம், பராமரிப்புக்குப் போகும் மனிதரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இன்றும் இயந்திரத்தின் பின்புறத்தையும் மேல்பகுதியையும் மூடாமல் விடுவதற்கு அதே வாதம்தான் சொல்லப்படுகிறது.

ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 1955இல், உலோகத்தை உரசித் தேய்க்கும் கிரைண்டர் சக்கரத்தில் கட்டைவிரல் காயம்பட்ட ஒரு தொழிலாளியின் வழக்கு, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை வரை சென்றது. சக்கரத்தை முழுதாக மூடினால் அதைப் பயன்படுத்தவே முடியாதே என்ற வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை; ஆபத்தான பாகத்தை மூட வேண்டும் என்று சட்டம் சொன்னால், இயந்திரம் பயனற்றுப் போனாலும் மூடத்தான் வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். பின்னர் 1970இல் உரசு சக்கரங்களுக்கென்று தனி விதிகள் வந்து இந்தச் சிக்கலைத் தீர்த்தன. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவிலும் அதே பிரிட்டிஷ் மரபின் சொற்களைக் காணலாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1963இல் ஏற்ற 119ஆம் உடன்படிக்கை ஒரு படி மேலே போனது. ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு இல்லாத இயந்திரங்களைப் பயன்படுத்துவதோடு, விற்பதையும் வாடகைக்கு விடுவதையும்கூடத் தடுக்க வேண்டும் என்று அது கூறியது. பொறுப்பு இயந்திரத்தைச் செய்பவரிடமே தொடங்குகிறது என்ற இந்தக் கருத்து, என் பார்வையில், இந்தத் துறையின் மிக முக்கியமான திருப்பம்.

காப்பைக் கழற்றுவது யார், ஏன்?

விபத்துக்குப் பிறகு பெரும்பாலும் கேட்கப்படும் கேள்வி, காப்பு இருந்ததா என்பது. பல இடங்களில் அது இருந்திருக்கும். அதைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தும் வைத்திருப்பார்கள். கதவு திறந்தால் இயந்திரத்தை நிறுத்தும் இன்டர்லாக் சுவிட்சைத் தாண்டி மின்சாரம் போகும்படி ஜம்பர் வயர் போட்டிருப்பார்கள். அல்லது உதிரிச் சாவி ஒன்றைச் சுவிட்சிலேயே நிரந்தரமாகச் செருகி வைத்திருப்பார்கள். ஜெர்மனியின் தொழில் விபத்துக் காப்பீட்டு அமைப்புகள் 2006இல் வெளியிட்ட ஆய்வு, உலோக வேலை இயந்திரங்களிலுள்ள பாதுகாப்புச் சாதனங்களில் ஏறத்தாழ 37 சதவீதம் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ செயலிழக்கச் செய்யப்பட்டிருப்பதாக மதிப்பிட்டது. பாதுகாப்பு விதிகளில் கண்டிப்புக்குப் பெயர்பெற்ற நாடு அது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் ஒரே செயல் நடக்கிறது என்றால், அதைத் தனிமனிதரின் அலட்சியம் என்று விளக்கிவிட முடியாது; அந்தச் செயலைத் தூண்டும் ஏதோ ஒன்று வேலையின் அமைப்பிலேயே இருக்கிறது.

அது என்னவென்று இயந்திரத்தின் அருகே ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் தெரியும். காப்பு மூடியிருந்தால் டையில் பொருள் எப்படி அமர்கிறது என்று பார்க்க முடிவதில்லை. கதவைத் திறந்தால் இயந்திரம் முழுதாக அணைந்து, மீண்டும் தொடக்க நிலைக்கு வந்து ஓட்டம் பிடிக்கப் பல நிமிடங்கள் ஆகின்றன. ஒரு போல்ட்டைத் துடைப்பதற்கு ஆறு போல்ட்டுகளைக் கழற்ற வேண்டியிருக்கிறது. பொருள் சிக்குவதோ மணிக்கு நான்கைந்து முறை. ஷிப்டின் இலக்கு இந்த நிமிடங்களைக் கழிக்காமல் வகுக்கப்பட்டது. சூப்பர்வைசர் "காப்பைக் கழற்று" என்று ஒருபோதும் சொல்லியிருக்க மாட்டார். காப்போடு எட்ட முடியாத எண்ணிக்கையை மட்டும் கேட்டிருப்பார். இன்டர்லாக் சாதனங்களுக்கான ஐஎஸ்ஓ 14119 தரம், இவற்றை முறியடிக்கத் தூண்டும் காரணங்கள் எவை என்று வடிவமைப்பாளரே முன்கூட்டி ஆராய்ந்து, அந்தத் தூண்டுதலைக் குறைக்க வேண்டும் என்கிறது. சுவிட்சை இன்னும் தந்திரமாக ஒளித்து வைப்பதைவிட, கதவைத் திறக்காமலே பார்க்க ஒரு கண்ணாடியும், திறந்த நிலையில் பாதுகாப்பாக மெதுவாக ஓட்ட ஒரு முறையும் தருவது கூடுதல் பயன் தரும்.

மூடுவதிலும் அளவு உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கம்பி வலையின் கண் 40 மில்லிமீட்டருக்கு மேல் போனால் கை தோள்வரை நுழைந்துவிடும். அப்படிப்பட்ட வலையை ஆபத்தான பாகத்திலிருந்து 850 மில்லிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்று தரங்கள் கூறுகின்றன. பெரிய கண்ணுள்ள வலையைச் சங்கிலிச் சக்கரத்தை ஒட்டியே மாட்டுவது, காப்பு இருப்பதாகப் பதிவேட்டில் எழுத மட்டுமே உதவும்.

நின்ற இயந்திரமும் நிறுத்திய இயந்திரமும்

சிவப்புக் காளான் வடிவில் இருக்கும் எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தானை அழுத்திவிட்டு உள்ளே கையை விடுபவர்கள் ஏராளம். அந்தப் பொத்தான் கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு ஒரு கட்டளை அனுப்புகிறது, அவ்வளவே. மின்சாரம் பெட்டிவரை வந்து நிற்கிறது. மற்றொருவர் அந்தப் பொத்தானை விடுவித்து ஸ்டார்ட் கொடுத்தால் இயந்திரம் ஓடும். மின்சாரத்தை முழுதாகத் துண்டித்தாலும்கூட, சிலிண்டரில் காற்றழுத்தம் இருக்கிறது. ஹைட்ராலிக் குழாயில் எண்ணெய் அழுத்தம் இருக்கிறது. உயர்த்தி நிறுத்திய ராம் தன் எடையோடு தொங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்பிரிங் சுருண்டு காத்திருக்கிறது. சிக்கிய பொருளை எடுத்த அதே நொடியில் சிலிண்டர் தன் பாதி அசைவை முடித்துக்கொள்வது, நின்ற இயந்திரத்தில் நடக்கும் விபத்துகளின் பொதுவான வடிவங்களில் ஒன்று. பொருள் சிக்கியதால்தான் அந்த அசைவு தடைப்பட்டிருந்தது. அதை எடுத்தவர் தடையையும் எடுத்துவிட்டார்.

இதற்குப் பதிலாக உருவானதே லாக் அவுட், டேக் அவுட் என்ற முறை. வேலை பார்ப்பவர் ஆற்றலின் ஒவ்வொரு மூலத்தையும் துண்டித்து, அந்தத் துண்டிப்பில் தம் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். பின்னர் எஞ்சியிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றி, உயர்த்திய பாகங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி எதுவும் அசையவில்லை என்று உறுதி செய்த பிறகே உள்ளே போகிறார். நான்கு பேர் வேலை பார்த்தால் நான்கு பூட்டுகள். கடைசிப் பூட்டு கழலும்வரை இயந்திரம் ஓடாது. அமெரிக்கா 1989இல் இதைக் கட்டாய விதியாக்கியது. இந்த விதியைப் பின்பற்றுவது ஆண்டுக்கு ஏறத்தாழ 120 இறப்புகளையும் 50,000 காயங்களையும் தடுப்பதாக அந்நாட்டின் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிட்டிருக்கிறது. முறையின் வலிமை அதன் எளிமையில் இருக்கிறது: தன் உயிருக்கான சாவி தன் சட்டைப்பையில் இருக்கிறது. அதன் பலவீனம், அது நேரம் எடுக்கிறது என்பது. ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் பெரிய பழுதுக்குப் பூட்டுப் போடுபவர்கள், மணிக்கு ஐந்து முறை நடக்கும் சிக்கலுக்குப் போடுவதில்லை.

பழியின் பழைய கணக்கு

அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹைன்ரிக், 1931இல், தொழில் விபத்துகளில் 88 சதவீதம் தொழிலாளர்களின் பாதுகாப்பற்ற செயல்களாலும் 10 சதவீதம் பாதுகாப்பற்ற நிலைமைகளாலும் நடக்கின்றன என்று எழுதினார். இந்த எண் பல பதிற்றாண்டுகளாகப் பயிற்சி வகுப்புகளில் சொல்லப்பட்டுவருகிறது. அவர் பயன்படுத்திய ஆவணங்கள் காப்பீட்டுக் கோப்புகளும் தொழிற்சாலை அறிக்கைகளும்; அவற்றில் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் மேற்பார்வையாளர்கள். ஒரு நிகழ்வை ஒரே காரணத்தில் அடைக்கச் சொன்னால், எழுதுபவர் தம் கண்ணுக்கு முதலில் படும் காரணத்தை எழுதுவார். "கையை உள்ளே விட்டார்" என்பது எப்போதும் முதலில் கண்ணில் படும்.

அந்த வாக்கியம் பொய்யல்ல. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் விசாரணை தொடங்கவே இல்லை என்று பொருள். எதை எடுக்கப் போனார், அது ஏன் சிக்கியது, எத்தனை நாளாகச் சிக்குகிறது, அதைப் பற்றி யாரிடம் சொன்னார், என்ன பதில் கிடைத்தது, கை உள்ளே இருக்கும்போதும் இயந்திரம் ஓடும் வகையில் ஏன் இருந்தது ஆகிய கேள்விகளுக்கு விடை எழுதாத அறிக்கை, காயம்பட்டவருக்கு எதிரான குற்றச்சாட்டாக முடிந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர்களைப் பற்றிய ஆய்வுகளும் இதையே உணர்த்துகின்றன. ஒரு வேலையின் முதல் மாதத்தில் இருப்பவருக்கு, அதே வேலையில் ஓராண்டுக்கு மேல் இருப்பவரைவிட, பணிநாளை இழக்கும் அளவுக்குக் காயம்படும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல் என்று கனடாவின் டொராண்டோவிலுள்ள வேலை, உடல்நல ஆய்வு நிறுவனம் கண்டறிந்திருக்கிறது. புதியவர் அனைவரும் அலட்சியமானவர்களாக இருக்க முடியாது. எந்த ரோலர் எந்தப் பக்கம் சுற்றுகிறது, எந்த இயந்திரம் தானாகவே மீண்டும் ஓடும், எந்தப் பொத்தான் சரியாக வேலை செய்வதில்லை என்று பழையவர்களின் உடம்புக்குத் தெரிந்திருக்கும் செய்திகளை யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் வந்து இடம் மாறிக்கொண்டே இருக்கும் தொழிலாளி ஒவ்வோரிடத்திலும் இந்த முதல் மாதத்திலேயே இருக்கிறார்.

காயத்துக்குப் பின்

ஒருவருடைய கை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டால், சுற்றியிருப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது ரோலரைப் பின்னோக்கி ஓட்டிக் கையை எடுப்பது. அவசரத்தில் தவறான பக்கம் ஓட்டப்பட்டால் காயம் இரட்டிப்பாகும். மின்சாரத்தைத் துண்டித்து, துண்டிப்பின் அருகில் ஒருவரை நிறுத்தி, இயந்திரத்தின் அமைப்பு தெரிந்த ஃபிட்டரைக் கொண்டு ரோலர்களைப் பிரிப்பதே முறை. இரத்தப்போக்குக்குக் காயத்தின் மேல் நேரடியாக அழுத்த வேண்டும். கையிலோ காலிலோ அப்படியும் நிற்காமல் உயிருக்கு ஆபத்தான அளவில் இரத்தம் போனால், டூர்னிக்கே எனப்படும் இறுக்குப் பட்டையைக் காயத்துக்கு மேலே கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும்.

துண்டான விரலை ஐஸ் கட்டியின் மேல் நேரடியாக வைத்துக் கொண்டுபோவது பரவலான தவறு; உறைந்த திசுவை மீண்டும் இணைக்க முடியாது. உப்புக் கரைசலில் நனைத்த சுத்தமான துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த நீரில் வைக்க வேண்டும். இப்படிக் குளிர்ச்சியாக வைத்த விரல் ஏறத்தாழ 24 மணி நேரம்வரையும், குளிரூட்டாத விரல் 12 மணி நேரம்வரையும் இணைக்கத் தக்கதாக இருக்கலாம். தசை மிகுந்த முன்கைக்கு இந்த அவகாசம் குளிர்ச்சியில் 12 மணி நேரமும் இல்லாவிட்டால் 6 மணி நேரமும்தான்.

இந்த அறுவை மருத்துவத்தின் தொடக்கமே தொழிற்சாலைக் காயங்களோடு பின்னியிருக்கிறது. ஷாங்காயில் 1963இல் சென் ஸோங்வெயும் உடன்பணியாற்றியவர்களும், இயந்திரத்தில் துண்டான ஒரு தொழிலாளியின் கையை மீண்டும் இணைத்தார்கள். ஜப்பானில் 1965இல் கொமாட்சு, தமாய் இருவரும் நுண்ணோக்கியின் உதவியால், முழுதும் துண்டான கட்டைவிரலை முதன்முதலில் இணைத்தார்கள். ஆனால் கூரான கத்தி ஒரே வீச்சில் வெட்டிய விரலுக்கும், பிரஸில் நசுங்கிய விரலுக்கும், ரோலர் பிய்த்தெடுத்த விரலுக்கும் வாய்ப்பு ஒன்றல்ல. பிந்தைய இரண்டிலும் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நெடுந்தூரம் சிதைந்திருப்பதால், சேர்க்க முடியாமல் போவதே அதிகம். சேர்த்த விரலும் முன்போல் மடங்குவதில்லை; குளிரில் வலிக்கிறது; உணர்ச்சி முழுதாகத் திரும்புவதில்லை.

கையின் செயல்பாட்டில் கட்டைவிரலின் பங்கு மட்டும் ஏறத்தாழ 40 சதவீதம் என்று மருத்துவம் கணக்கிடுகிறது. இழப்பீட்டுச் சட்டங்களும் இப்படியே ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சதவீதம் வைத்திருக்கின்றன. அந்த அட்டவணை தேவையானதுதான். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு தொழிலாளியும் தன் விரலின் மதிப்புக்காகத் தனித்தனியே வாதாட வேண்டியிருக்கும். ஆயினும் சட்டைப் பொத்தானைப் போட முடியாத காலை நேரத்தையும், இல்லாத விரலில் எழும் வலியையும், பழைய வேலைக்குத் திரும்ப முடியாமல் வாயிற்காவலுக்கு மாற்றப்பட்ட ஒரு தேர்ந்த லேத் தொழிலாளியின் இழப்பையும் எந்தச் சதவீதத்தில் அடைப்பது? அதே இயந்திரத்தின் முன் மீண்டும் நிற்கும்போது ஏற்படும் நடுக்கத்தைப் பற்றி அட்டவணைகள் எதுவும் பேசுவதில்லை. அந்த விபத்தைக் கண்ணால் கண்ட பக்கத்து இயந்திரக்காரரைப் பற்றியும் பேசுவதில்லை.

சிக்கல்களை எண்ணுதல்

இயந்திரப் பாதுகாப்பின் அடிப்படைத் தரமான ஐஎஸ்ஓ 12100 ஒரு வரிசையை வலியுறுத்துகிறது: முதலில் ஆபத்தே இல்லாதபடி வடிவமைக்க வேண்டும், முடியாத இடத்தில் காப்பு வைக்க வேண்டும், அதன்பின் எஞ்சுவதற்குத்தான் எச்சரிக்கையும் பயிற்சியும். நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. பலகை எழுதுவது மலிவு. ஆனால் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன இடைவெளியை அடைக்கக்கூடிய திருத்தங்களில் பல பெருஞ்செலவு வைப்பவை அல்ல. எண்ணெய் இட வேண்டிய புள்ளியிலிருந்து ஒரு சிறு குழாயைக் காப்புக்கு வெளியே கொண்டுவந்தால், எண்ணெய் இடுவதற்காகக் காப்பைத் திறக்க வேண்டியதில்லை. துண்டை எடுக்கக் காந்தமோ நீண்ட இடுக்கியோ இருந்தால் டைக்குள் விரல் போக வேண்டியதில்லை. ரோலரைத் துடைக்கவோ டையை அமைக்கவோ இயந்திரம் அசைந்தே ஆக வேண்டும் என்றால், பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும், மிக மெதுவாக அசையும் முறையை வைக்கலாம். ஹைட்ராலிக் பிரஸ்களுக்கு ஐரோப்பியத் தரங்கள் இந்த மெதுவேகத்தை நொடிக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் வைத்திருக்கின்றன. அந்த வேகத்தில் கால் நொடியில் இரண்டரை மில்லிமீட்டர்தான் நகரும். கையை எடுத்துக்கொள்ள மனிதருக்கு நேரம் கிடைக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், எந்த இயந்திரத்தில் கை எத்தனை முறை உள்ளே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தொழிற்சாலைகள் உற்பத்தியான துண்டுகளை எண்ணுகின்றன, கழிவை எண்ணுகின்றன, இயந்திரம் நின்ற நிமிடங்களை எண்ணுகின்றன. ஒவ்வோர் இயந்திரத்தின் அருகிலும் ஒரு தாளைத் தொங்கவிட்டு, பொருள் சிக்கி மூடியைத் திறந்த ஒவ்வொரு முறையும் ஆபரேட்டரே ஒரு கோடு போடும்படி செய்தால், ஒரு வாரத்தில் எந்த இயந்திரத்தின் முன் அடுத்த விபத்து காத்திருக்கிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும். ஒரு ஷிப்டில் இரண்டு கோடு விழும் இயந்திரத்துக்குப் பூட்டும் சாவியும் போதும். முப்பது கோடு விழும் இயந்திரத்தில் முப்பது முறை பூட்டைப் போட்டுக் கழற்றுவார் என்று ஆபரேட்டரிடம் எதிர்பார்க்க முடியாது. அங்கே ஊட்டும் தொட்டியின் சரிவையோ, வரும் பொருளின் ஈரத்தையோ, தேய்ந்துபோன டையையோ மாற்றித்தான் ஆக வேண்டும். அந்தத் தாளைப் படித்து, மாற்றுவதற்கான உத்தரவில் கையெழுத்திடும் அதிகாரம் இயந்திரத்தின் முன் நிற்பவரிடம் இல்லை. அது அலுவலக அறையில் இருப்பவரிடம் இருக்கிறது.